ஞாயிற்றுக்கிழமை விழாத பிரேக்கர்

பீர்க்கன்கரணை
3-12-2008, புதன்

தம்பி தாமோதரனுக்கு உன் அக்கா ஜோதிலட்சுமி எழுதிக்கொள்வது.

இதைக் கிழித்துப் போடுவதற்கு முன்னால் ஒரு விஷயம். ஆவணி மாதம் என் பேத்திக்குக் காது குத்திய அன்று கோயில் வாசலில் நின்றுகொண்டு, அத்தனை சொந்தக்காரர் காதிலும் விழும்படி நீ சொன்னது என்ன? "இனிமே உன்னாண்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன்." பேச மாட்டேன் என்றுதான் சொன்னாய். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகவே நான் எழுதுவதாலும் நீ பதில் போடுவதாலும் உன் சத்தியம் கெடாது. போன் பண்ணினால் அது பேச்சு. மூன்று தடவை பண்ணிப் பார்த்துவிட்டேன், நீ எடுக்கவில்லை. சத்தியவான்.

அன்று நான் மைக்கில் சொன்னதில் என்ன பொய்? நீ கட்டிய சீரியல் விளக்கு, சரியாகக் காது குத்துகிற நேரம் பார்த்து அணைந்தது. "என் தம்பி கட்ன லைட்டு, அவன் மாரியேதான் கீது. கொஞ்சம் சூடானா மூஞ்சியத் திருப்பிக்கும்" என்றேன். நூறு பேர் சிரித்தார்கள். உன் மாமியார் வீட்டு ஆட்கள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடவே சிரித்தார்கள். அவர்கள் சிரித்த பங்கையும் என் தலையில் ஏற்றிவிட்டு நீ சாப்பிடாமல் போய்விட்டாய். போகட்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆடி மாதம் நீ ஒயர் இழுத்துப் பூட்டிக் கொடுத்த இன்வெர்ட்டர் என்னோடு விளையாடுகிறது. தினமும் மத்தியானம் இரண்டு முதல் நாலு வரை கரண்ட் போகிறது. அந்த இரண்டு மணி நேரமும் தங்கமாக ஓடுகிறது. மாடியில் மீன் தொட்டிகளுக்குக் காற்று போகிறது, கீழே ஃபேன் சுற்றுகிறது. நாலு மணிக்குத் தெருவுக்கே கரண்ட் வருகிறது. அதன்பிறகு ஆறரை மணி வாக்கில், தெரு முழுக்க விளக்கு எரியும்போது, என் வீடு மட்டும் இருட்டாகிவிடுகிறது. கரண்ட் இல்லாதபோது என் வீட்டில் கரண்ட் இருக்கிறது, ஊருக்கெல்லாம் கரண்ட் இருக்கும்போது எனக்கு இல்லை. இப்படி ஒரு மெஷினை எங்கே தேடிப் பிடித்தாய்?

முதல் தடவை நடந்தபோது நான் தாம்பரம் மார்க்கெட்டில் இருந்தேன். வந்து மாடி ஏறிப் பார்த்தால் ஏஞ்சல் மீன் குஞ்சுத் தொட்டி ஒன்று முழுக்க வெள்ளை வெள்ளையாக மிதக்கிறது. முந்நூறு குஞ்சு. கடலில் பிடித்த மீன் செத்தால் விற்கலாம். கண்ணாடித் தொட்டி மீன் செத்தால் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது.

நான் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன் என்று நினைக்காதே. முட்டி இரண்டும் போன பிறகு என்னால் மீன் கூடை தூக்கித் தெருத் தெருவாகப் போக முடியாது. இந்தத் தொட்டிகள்தான் இனி எனக்குச் சோறு. பொங்கல் கழிந்ததும் குரோம்பேட்டை வளர்ப்பு மீன் கடைக்குக் குஞ்சு தருவதாகச் சொல்லியிருக்கிறேன். அடுத்த ஈடு இன்னும் பத்து நாளில் பொரியும். அதற்குள் இந்த இருட்டு ஏன் வருகிறது என்று தெரிந்தாக வேண்டும்.

மூணாங்கிளாஸ் படித்தவள் கேட்கிறேன், ஐ.டி.ஐ. படித்தவர் சொல்லவும்.

உன் அக்கா,
ஜோதிலட்சுமி


பள்ளிக்கரணை
6-12-2008

திருமதி ஜோதிலட்சுமி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இன்வெர்ட்டர் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நான் செய்த வேலையில் குறை இருக்காது. உங்கள் வீட்டு விளக்கு, ஃபேன், டிவி, ஃப்ரிட்ஜ், மாடியில் மோட்டார், ஹீட்டர், நீங்கள் அன்று சொன்ன எல்லாவற்றையும் கூட்டினால் ஆறு ஆம்பியர். அதற்குப் பத்து ஆம்பியர் பிரேக்கர் போட்டேன். ஒயர் ஒரு ஸ்கொயர் தடிமன். முன் ஹாலில் மீட்டர் போர்டிலிருந்து பின்னறை இன்வெர்ட்டருக்குப் போகும் லைனும், அங்கிருந்து வீட்டுக்குத் திரும்பும் லைனும் ஒரே குழாயில் போகின்றன.

ஆறரை மணிக்கு இருட்டு வருகிறது என்றால் கோளாறு ஆறரை மணிக்கு நடக்கவில்லை. அதற்கு முன்பே நடந்திருக்கிறது. மீட்டர் போர்டில் கறுப்புக் குமிழ் வைத்த குட்டி ஸ்விட்ச் ஒன்று இருக்கும். அதுதான் பிரேக்கர். அது விழுந்தால் தெருக் கரண்ட் இன்வெர்ட்டருக்குப் போகாது. இன்வெர்ட்டர், கரண்ட் போய்விட்டது என்று நினைத்து, மறுபடியும் பேட்டரியில் ஓட ஆரம்பித்துவிடும். வீட்டில் எல்லாம் ஓடிக்கொண்டே இருப்பதால் உங்களுக்குத் தெரியாது. பேட்டரி தீர்ந்த பிறகுதான் தெரியும்.

ஆகவே நாலு மணியிலிருந்து அந்தப் பிரேக்கரைப் பார்க்கவும். எத்தனை மணிக்கு விழுகிறது, அப்போது என்னென்ன ஓடுகிறது என்று எழுதவும். ஈரக் கையால் எதையும் தொட வேண்டாம்.

இப்படிக்கு,
தா. தாமோதரன், ஒயர்மேன்


பீர்க்கன்கரணை
11-12-2008, வியாழன்

மதிப்புக்குரிய ஒயர்மேன் அவர்களுக்கு, அவரை இடுப்பில் தூக்கி வளர்த்த திருமதி எழுதுவது.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. படித்ததும் ஆச்சரியமாகிவிட்டது. நாலு மணிக்கே வீட்டில் உயிர் போய்விட்டது, ஆறரை வரைக்கும் பேட்டரி அதை நடமாட வைத்திருக்கிறது என்கிறாய். எனக்குத் தெரிந்த இரண்டு பேர் குடும்பமே அப்படித்தான் ஓடுகிறது.

அன்றைக்கே ஸ்டூலைப் போட்டு மீட்டர் போர்டுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டேன். உன் மாமா ஷிப்ட் முடிந்து வந்தவர், "இன்னாடி, டிவி கீது உள்ள, நீ செவுத்தப் பாத்துகினு உக்காந்துகீற" என்றார். "உன் மச்சான் போட்ட படம் ஓடுது, குந்திப் பாரு" என்றேன்.

நாலு மணிக்குக் கரண்ட் வந்தது. நாலே கால், ஒன்றும் இல்லை. நாலரை, ஒன்றும் இல்லை. நாலே முக்கால் ஆவதற்குள் 'டக்' என்று ஒரு சத்தம். எலும்பை முறித்த மாதிரி. குமிழ் கீழே விழுந்துவிட்டது. ஃபேன் ஒரு சுற்றுகூடக் குறையவில்லை. நான் கண்ணால் பார்த்திராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். மேலே தள்ளினேன், நிற்கவில்லை. மறுபடி 'டக்'. பத்து நிமிஷம் கழித்துத் தள்ளினேன், நின்றது. போர்டிலிருந்து குழாய்க்குள் போகும் ஒயரைக் காய்ந்த கையால் தொட்டுப் பார்த்தேன். டீ கிளாஸ் மாதிரி இருந்தது. குடிக்கலாம் என்கிற சூடு.

செவ்வாய் நாலே ஐம்பது. புதன் நாலு நாற்பது. இப்போதெல்லாம் விழுந்ததும் தள்ளிவிடுவதால் மீன் பிழைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் எத்தனை நாளைக்கு நான் ஸ்டூலில் காவல் இருப்பது?

இதில் இரண்டு விஷயம் எனக்குப் புரியவில்லை, தூக்கமே வரவில்லை. ஒன்று, விழுவது என்று முடிவு செய்தால் நாலு மணிக்கே விழ வேண்டியதுதானே? முக்கால் மணி நேரம் எதற்கு யோசிக்கிறது? இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமைகளில் இருட்டு வந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் கரண்ட் போகிறது, வருகிறது, எல்லாம் ஓடுகிறது, ஆனால் விழுவதில்லை. மூன்று ஞாயிறு ஆயிற்று. உன் பிரேக்கர் வேதத்தில் சேர்ந்து, ஞாயிறானால் சர்ச்சுக்குப் போய்விடுகிறதா?

ஓடுகிற சாமான் எல்லாம் நீ எழுதியவைதான். புதிதாக ஒன்றும் இல்லை.

அக்கா


பள்ளிக்கரணை
14-12-2008

அக்காவுக்கு,

பிரேக்கருக்குள் இரண்டு விதமான காவல் இருக்கிறது. ஷார்ட் ஆனால் கண் இமைக்கும் நேரத்தில் விழும். அது ஒரு காவல். இன்னொன்று, உள்ளே சின்னத் தகடு ஒன்று. அளவுக்கு மேல் கரண்ட் போனால் அந்தத் தகடு சூடாகி மெல்ல வளையும், வளைந்து முடிந்ததும் கொக்கியைத் தட்டிவிடும். பல மடங்கு அதிகமானால் சீக்கிரம் வளையும். கொஞ்சம்தான் அதிகம் என்றால் முக்கால் மணி, ஒரு மணி நேரம்கூட ஆகும். தகடு ஆறாமல் குமிழ் நிற்காது. நீ பத்து நிமிஷம் கழித்துத் தள்ளியபோது நின்றது அதனால்தான். ஆகவே ஷார்ட் இல்லை. பத்துக்குப் பதிலாகப் பதினாலு, பதினைந்து போகிறது.

அங்கேதான் எனக்கு உதைக்கிறது. நீ சொன்ன சாமானுக்கு ஆறுதான் வரும். மீதி எங்கிருந்து வருகிறது? வேளச்சேரி சைட்டில் வேலை செய்யும்போதும் அதே நினைப்பு. பஸ்ஸில் டிக்கெட்டுக்குப் பின்னால் கூட்டிப் பார்த்தேன். ஆறுதான்.

கரண்டுக்குக் கிழமை தெரியாது. மனுஷனுக்குத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஓடாத ஏதோ ஒன்று மற்ற ஆறு நாளும் நாலு மணிக்குமேல் அந்த லைனில் ஓடுகிறது. அது என்ன? "புதிதாக ஒன்றும் இல்லை" என்று நீ எழுதியிருப்பதை நான் நம்பவில்லை. சின்ன வயதில் நண்டைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டு "ஒண்ணுமில்ல" என்று சொன்ன அதே குரல் இந்த எழுத்தில் கேட்கிறது.

உண்மையை எழுது.

தாமோதரன்


பீர்க்கன்கரணை
17-12-2008, புதன்

தம்பிக்கு,

திருமதி போய் அக்கா வந்துவிட்டாள். சந்தோஷம்.

பிடித்துவிட்டாய். சொல்கிறேன், திட்டாதே. போன மாதம் பக்கத்து வீட்டு ரத்தினபாய் டீச்சருக்கு மதில் மேலே ஒரு ஒயர் கொடுத்திருக்கிறேன். "யாருக்கும் லைன் கொடுக்காதே" என்று நீ ஆடி மாதமே சொன்னாய், நானும் தலையை ஆட்டினேன். என்ன செய்வது, மத்தியானம் கரண்ட் போனால் டீச்சரின் மாமியார் வேர்வையில் நனைந்து கிடக்கிறாள். ஒரு ஃபேனுக்குத்தான் கொடுத்தேன். அதுவும் ஒரு ஃபேன் என்ன சாப்பிட்டுவிடப் போகிறது?

உன் கடிதம் வந்த அன்று நாலரை மணிக்கு ஸ்டூலை விட்டு எழுந்து மதில் பக்கம் போனேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் டீச்சர் ஸ்கூலிலிருந்து வந்து, மறுநாள் புடவையை மேஜையில் விரித்து, இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். பெட்டியின் ஒயர் என் ஒயரில் போய்ச் சேருகிறது.

"இன்னா டீச்சர், தெனம் இஸ்திரியா?"

"ஆமா ஜோதி, கஞ்சி போட்ட காட்டன் புடவை. அவருக்கும் பையனுக்கும் சட்டை. ஒரு மணி நேரம் ஆயிரும்."

"ஞாயித்துக்கிழம?"

"ஞாயிற்றுக்கிழமை எங்க வீட்ல இஸ்திரி போடமாட்டோம். எங்கம்மா காலத்துல இருந்தே அப்படித்தான். ஓய்வுநாள்ல அடுப்புகூட ஒரு தடவைதான். திங்கட்கிழமைக்கு வேணுங்கிறத சனிக்கிழமையே போட்டு வெச்சிருவேன். ஏன் கேக்கிற?"

நான் சிரித்த சிரிப்பில் காக்கா பறந்துவிட்டது. மூன்று வாரமாக என் தூக்கத்தைக் கெடுத்த பேய் ஓய்வுநாள் அனுசரிக்கிற இஸ்திரிப் பெட்டி. ஃபேனுக்கு எடுத்த பிளக்கில் பெட்டியைச் சொருகக் கூடாது என்று அவருக்குத் தெரியாது. கரண்ட் வந்துவிட்டதே, இனி யார் வீட்டுக் கரண்டாக இருந்தால் என்ன என்று நினைத்திருக்கிறார். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். கிறிஸ்துமஸ் வாரத்தில் யாரிடமாவது பிளக்கைப் பிடுங்கச் சொல்வார்களா?

சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வரும் ஜெயக்கொடி நேற்று வந்தான். உன் மாமா அவனிடம் சொன்னார். அவன் போர்டைத் திறந்து பார்த்து, "இது பத்து, அதான் வுழுது. பெருசா போட்டா வுழாது" என்று சொல்லி ஐந்து நிமிஷத்தில் மாற்றிவிட்டான். முப்பத்திரண்டு என்று எழுதியிருக்கிறது. உன்னுடையதைவிட மூன்று மடங்கு. நேற்றும் விழவில்லை, இன்றும் விழவில்லை. டீச்சர் இஸ்திரியும் போட்டு, கேக்குக்கு மிக்ஸியும் ஓட்டினார். அப்போதும் விழவில்லை. நீ போட்டதிலேயே நல்ல பிரேக்கர் ஜெயக்கொடி போட்டதுதான்.

குஞ்சு பொரித்துவிட்டது தம்பி. நாலு தொட்டி. கண்ணாடியில் ஊசி முனை மாதிரி ஒட்டிக்கொண்டு வால் ஆட்டுகின்றன. காற்று நின்றால் ஒரு மணி நேரம் தாங்காது, அவ்வளவு பிஞ்சு. இனி கவலை இல்லை.

இன்னொரு நல்ல சேதி. மார்கழிப் பனிக்கு ஹால் சுவரில் குழாய் போகிற இடம் கதகதப்பாக இருக்கிறது. பூனை இரண்டு நாளாக அங்கேதான் முதுகை ஒட்டிக்கொண்டு படுக்கிறது.

ஜோதிலட்சுமி


பீர்க்கன்கரணை
22-12-2008, திங்கள்

தம்பிக்கு,

உன் பதில் தபாலில் வரவில்லை. நேற்றுக் காலை ஏழு மணிக்கு ஸ்கூட்டரில், மனைவி சரளாவோடும் ஒயர்ச் சுருளோடும் வந்தது.

அதற்கு முன்னால் சனிக்கிழமை சாயந்திரம் சரளா போன் பண்ணினாளே, அதைச் சொல்ல வேண்டும். காது குத்திலிருந்து என் பெயரைக்கூட உச்சரிக்காதவள். "அண்ணி, நான் சரளா. அவரு சொல்லச் சொன்னாரு. டீச்சர் ஒயர ஒடனே புடுங்குங்க. டிவி, ஃப்ரிஜ்ஜு, ஹீட்டரு எல்லாத்தயும் நிறுத்துங்க. தொட்டிக்கு காத்து மட்டும் போவட்டும்" என்கிறாள். அவளுக்குப் பின்னாலிருந்து நீ, "செவுத்தத் தொட்டுப் பாக்கச் சொல்லு, பூனையத் தொரத்தச் சொல்லு" என்று கத்துகிறாய். அவளிடம்தான் சொன்னாய், என்னிடம் சொல்லவில்லை. சத்தியம் அப்படியே இருந்தது.

நேற்று நீ வந்து ஒரு வார்த்தை பேசாமல் போர்டைக் கழற்றியதும், என்னைப் பார்க்காமலே அந்தப் பழைய ஒயரை வளைவிலிருந்து இழுத்துக் காட்டியதும் உனக்கே தெரியும். சிவப்புத் தோல் பழுப்பாகி, பக்கத்து ஒயரோடு ஒட்டி, கருவாட்டுத் தோல் மாதிரி உரிந்து வந்தது. என் வாழ்க்கையில் ஒரு கேலியும் தோன்றாத நேரம் அதுதான். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் பேத்தி தூங்குகிறாள்.

பிரேக்கர் காவல் காப்பது ஒயரைத்தான் என்று நீ சுவரில் பென்சிலால் எழுதியதைப் படித்தேன். லோடைவிடப் பிரேக்கர் பெரிதாக இருக்க வேண்டும், பிரேக்கரைவிட ஒயர் பெரிதாக இருக்க வேண்டும். ஒயர் சிறியதாக இருந்து காவல்காரனைப் பெரிதாக வைத்தால், ஒயர் எரியும்வரை அவன் வேடிக்கை பார்ப்பான். மூணாங்கிளாசுக்கு இது போதும், புரிந்துவிட்டது.

உனக்குத் தெரியாததை இப்போது சொல்கிறேன். நீ முன் ஹாலில் நின்றாய், நான் பின்னறையில் நின்றேன், நடுவில் சமையலறை. மெயினை நிறுத்தியாயிற்று. பழைய ஒயரின் வாலில் புது ஒயரைக் கட்டி, நீ தள்ள நான் இழுக்க வேண்டும். ஒரு சுண்டு சுண்டினால் இழு, இரண்டு சுண்டினால் நில் என்று சரளாவிடம் சொல்லி அனுப்பினாய். பேசாமல் ஒயர் இழுக்கிற ஒயர்மேனை உலகத்தில் யாராவது பார்த்திருக்கிறார்களா?

மாடியில் டீச்சரும் சரளாவும். அதிகாலை ஆராதனையிலிருந்து டீச்சர் நேரே இங்கே வந்தார். காற்று மோட்டார் நின்றுவிட்டதால் மக்கால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அப்போதுதான் தண்ணீரில் காற்றுக் கலக்கும். நாலு குஞ்சுத் தொட்டிக்கு இரண்டு பேர். "டீச்சர், இன்னிக்கு ஓய்வுநாளாச்சே" என்று சரளா கேட்டாளாம். "உயிர் விஷயம்மா, கர்த்தர் கோவிச்சுக்க மாட்டார். நீ அந்த ஓரத் தொட்டியப் பாரு" என்றாராம். பட்டுப்புடவை முழங்கை வரை நனைந்துவிட்டது.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். நடு வளைவில் ஒயர் சிக்கிக்கொண்டது என்று நீ நினைத்தாயே, அது சிக்கவே இல்லை. நான்தான் காலால் மிதித்துக்கொண்டு நின்றேன். நீ சுண்டினாய், நான் அசையவில்லை. இரண்டு சுண்டினாய், மூன்று சுண்டினாய். சரளா மாடியில். உனக்கு வேறு வழி இல்லை. அப்போதுதான் சமையலறையைத் தாண்டி வந்தது உன் குரல்.

"இழு அக்கா. அக்கா, இழு."

காலை எடுத்துவிட்டேன். அந்த இரண்டு நிமிஷத்தில் மேலே எத்தனை குஞ்சு போயிற்றோ, நான் கேட்கவில்லை. நாலு தொட்டியில் மூன்று முழுசாக இருக்கிறது, ஓரத் தொட்டியில் பாதி.

அதன்பிறகு பேசினாய். "ஆம்", "இல்ல", "டீ வேணாம்". சாப்பிடச் சொன்னேன், வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கருகிய ஒயர்த் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனாய். முகமே சரியில்லை. என்மேல் கோபமா என்று பார்த்தேன், அது கோபம் மாதிரி இல்லை.

இங்கே டீச்சர் அழுதுகொண்டிருக்கிறார். "என் இஸ்திரிப் பெட்டியாலே உன் வீடே எரிஞ்சிருக்குமே ஜோதி" என்று காலையில் மூன்று தடவை வந்துவிட்டார். ஃபேன் ஒயரையும் சுருட்டி மதில்மேல் வைத்துவிட்டார், மாமியார் விசிறியால் விசிறிக்கொள்கிறாள். டீச்சரின் பெட்டிதான் காரணமா? ஆமாம் என்றால் ஆமாம் என்று எழுது. எழுது, நீ பேசினால் பாதியை முழுங்குவாய்.

அக்கா


பள்ளிக்கரணை
26-12-2008

அன்புள்ள அக்காவுக்கு,

டீச்சர் அழ வேண்டியதில்லை. அவர்களிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு.

இஸ்திரிப் பெட்டி மூன்றரை ஆம்பியர். அதை எடுத்துவிட்டால் ஆறு மிஞ்சும் என்றுதான் நானும், சரியாகக் கூட்டிப் பார்க்காமல், ஸ்கூட்டரில் வரும்போது நினைத்தேன். தப்பு மதில் ஒயர் மேல், அதாவது உன் மேல் என்று சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். அந்த ஒயரை உருவினபோதுதான் பார்த்தேன். பழுப்பு நிறம் வளைவில் மட்டும் இல்லை, குழாய் முழு நீளத்துக்கும் இருந்தது. நாலு நாளில் அப்படி ஆகாது. மாதக் கணக்கில் சூடானால்தான் ஆகும்.

நான் ஒயர் போட்டபோது, கரண்ட் போன நேரத்தில் இன்வெர்ட்டர் வீட்டுக்கு எவ்வளவு கொடுக்கும் என்று மட்டும் கணக்குப் போட்டேன். ஆறு. கரண்ட் திரும்பி வந்த நேரத்தை நினைக்கவே இல்லை. அப்போது அதே ஒயர் வழியாக வீட்டுக்கும் போக வேண்டும், காலியான பேட்டரியையும் நிரப்ப வேண்டும். பேட்டரி பசியோடு இருக்கும் முதல் மணி நேரத்தில் அது மட்டும் ஐந்து இழுக்கும். ஆறும் ஐந்தும் பதினொன்று. மீட்டரிலிருந்து இன்வெர்ட்டருக்கு வரும் லைன், அங்கிருந்து வீட்டுக்குத் திரும்பும் லைனைவிடத் தடிமனாக இருக்க வேண்டும். நான் இரண்டையும் ஒரே அளவு ஒயரில் இழுத்துவிட்டேன்.

பத்து என்று எழுதிய பிரேக்கர் பதினொன்றுக்கு விழாது. கொஞ்சம் மிஞ்சினால் பொறுத்துக்கொண்டு நிற்கும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை விழவில்லை. விழாததைப் பார்த்து ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சரியாக இருக்கிறது என்று நாம் இரண்டு பேரும் நினைத்தோம். சரியாக இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் ஒயர் சுட்டுக்கொண்டுதான் இருந்தது. டீச்சர் பெட்டி வைத்திருக்காவிட்டால் பிரேக்கர் ஒரு நாளும் விழுந்திருக்காது, எனக்கும் தெரிந்திருக்காது. பெரிய பிரேக்கர் போடக் கூடாது என்று நான் உனக்கு எழுதாமல் விட்டதும் என் தப்புதான்.

இப்போது போட்டிருப்பது நாலு ஸ்கொயர், இருபது ஆம்பியர். மத்தியானம் கரண்ட் போகும்போது ஃபேனுக்கு மதில் ஒயரை வைத்துக்கொள்ளலாம். பெட்டியை டீச்சர் அவர்கள் வீட்டுப் பிளக்கிலேயே போடட்டும்.

ஒயரை நீ மிதித்தது எனக்குத் தெரியும். சிக்கிய ஒயர் கல் மாதிரி நிற்கும், மிதித்த ஒயர் சுண்டும்போது கொஞ்சம் நழுவும். இருபது வருஷமாக ஒயர் இழுக்கிறேன். தெரிந்துதான் கூப்பிட்டேன்.

முகம் சரியில்லை என்று எழுதியிருந்தாய். காரணம் இதுதான். ஆடியிலிருந்து உன் வீட்டைச் சேர்த்து ஐந்து வீட்டில் இதே கணக்கில் இன்வெர்ட்டர் போட்டிருக்கிறேன். மீதி நாலு வீட்டிலும் ஒரு ஸ்கொயர்தான். எல்லோரும் வேலை நன்றாக இருக்கிறது என்று இன்னொருவருக்குச் சொல்லி அனுப்பியவர்கள். குரோம்பேட்டை வில்பிரட் சார், பேங்க் ஆபீசர், "தாமோதரன் போட்டா கண்ண மூடிட்டு இருக்கலாம்" என்று தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை அவர் கேட் வரைக்கும் போனேன். பெல் அடிக்காமல் வந்துவிட்டேன். நேற்று கிறிஸ்துமஸ், இன்று அவர்கள் ஊரில் இல்லை என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் வீட்டுச் சுவர் எப்படி இருக்கும் என்றுதான் நினைப்பு. சரளாவிடம்கூடச் சொல்லவில்லை.

பின்பக்கம் நின்று இழுக்க ஒரு ஆள் வேண்டும்.

தாமோதரன்


பீர்க்கன்கரணை
29-12-2008, திங்கள்

அன்புத் தம்பிக்கு,

கடிதத்தை டீச்சரிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். "உன் தம்பி பெரிய மனுஷன் ஜோதி" என்றார். "டீச்சர், அவன் காதுல போட்றாதீங்க, அப்புறம் புடிக்க முடியாது" என்றேன். பிறகு அவரே மதில்மேல் ஏறி ஃபேன் ஒயரை மாட்டிக்கொண்டார்.

பொங்கல் கழியட்டும் என்று நாளைத் தள்ள முடியாது. காரணம் சொல்லிக்கொண்டிருக்கவும் முடியாது. நாலு வீட்டுக்காரருக்கும் இன்றைக்கே போன் பண்ணி, கரண்ட் வந்ததும் முதல் இரண்டு மணி நேரம் டிவி, ஃப்ரிட்ஜ், மோட்டார் எதையும் போடாமல் இருக்கச் சொல்லு. ஏன் என்று கேட்டால் நேரில் வந்து சொல்கிறேன் என்று சொல். அது பொய் இல்லை, ஏனென்றால் நேரில் போகத்தான் போகிறோம்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் குரோம்பேட்டை ஸ்டேஷன் வாசலில் நிற்பேன். மீனுக்கு உன் மாமா தீனி போடுவார். முட்டி வலித்தாலும் நின்ற இடத்தில் நின்று ஒயர் இழுக்க எனக்குத் தெரியும், நீயே பார்த்தாய். முதலில் வில்பிரட் சார் வீடு. அவர் வாய்க்குப் பயந்துதானே நீ திரும்பி வந்தாய், அதனால் அதுதான் முதலில்.

வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஜோடித்துக்கொண்டு வராதே. "சார், நான் போட்ட ஒயர் பத்தாது, கணக்குல தப்பு பண்ணிட்டேன், மாத்த வந்திருக்கேன்." இவ்வளவுதான். பெல்லை நான் அடிக்கிறேன். மிச்சத்தை நீ சொல்ல வேண்டும். நீ சொல்லி முடித்து, அவர் திட்டியும் முடிக்கிற வரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

அக்கா